கோரைக்குள் பாடிய குருவி

எளாவூர்
4.2.2024

அன்புள்ள பாய்,

கடிதத்தைப் பார்த்ததும் சிரிப்பாய். போஸ்ட் ஆபீஸ் என்று ஒன்று இன்னும் இருக்கிறதா என்று உன் வீட்டில் ரமீஸா தங்கச்சிகூடக் கேட்கும். வேறு வழி என்ன வைத்திருக்கிறாய்? வாட்ஸப்பில் என்னை ப்ளாக் பண்ணிவிட்டாய். நேரில் பார்த்துவிடலாம் என்று பொன்னேரி கடைக்கு வந்தால் ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. பக்கத்து ஜூஸ் கடைக்காரர்தான் சொன்னார், "பாய் திருநின்றவூர் பூட்டாரே, மச்சான் கடைக்கு. உனுக்கே சொல்லலியா?" என்று. அந்த 'உனுக்கே'யில் என் முகம் செத்துவிட்டது. உன் புது விலாசத்தை அவரிடம்தான் கெஞ்சி வாங்கினேன். போனில் பேசுவது எனக்கு எப்போதுமே ஒத்து வராது, அது உனக்குத் தெரியும்.

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு அன்று நடந்ததையும், அடுத்த வாரம் கூட்டத்தில் நடந்ததையும் நான் நினைக்காத நாள் இல்லை. ஏரிக் கரையில் கோரைப் புதருக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். திடீரென்று புதரைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாய். இடுப்பு வரை ஈரம், காலில் ஒரு செருப்பைக் காணோம், முகமெல்லாம் பல். "அண்ணே, கேட்டீங்களா? வெட்டுக்கிளிக் கதிர்க்குருவிண்ணே! நம்ம ஏரியில!" என்றாய். நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேன்தான், மறுக்கவில்லை.

பிறகு பொன்னேரியில் நம் பறவைக் குழுவின் கூட்டம். துளசிராமன் சார் கணக்கை வாசித்துக்கொண்டே வந்து உன் குருவியில் நின்றார். குழுவில் இதுவரை யாரும் பார்க்காத பறவை, குளிர்காலத்தில் இங்கே வந்தாலும் பாடுவது அபூர்வம், வேறு யாராவது கேட்டீர்களா என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நீயும் பார்த்தாய். நீ பார்த்தது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நான், "எனக்குக் கேக்கல சார்" என்று சொன்னேன்.

அதற்கு மேல் எங்கள் மில் தேசப்பன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பானா? "பாய் கடையில எம்பித்ரீ விக்கிறாரு. அதுல எதுனா பாடிக்கினு இருந்திருக்கும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நீ பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாய். நான் உன் பின்னால் வந்திருக்க வேண்டும். நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நான் பொய் சொல்லவில்லை பாய், உண்மையைத்தான் சொன்னேன். ஹெலனிடமும் அப்படித்தான் சொன்னேன். "உண்மைய சொன்ன ஆளு இன்னாத்துக்கு சோறு துன்னாம உக்காந்துகினு இருக்க?" என்று கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நீ போட்டுக் கொடுத்த பறவைப் பாட்டுகளோடு அந்த எம்பித்ரீ பிளேயர் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகத்தான் ஏரிக்குப் போகிறேன். ஒரு வரி எழுது.

உன்,
எட்வர்ட்


திருநின்றவூர்
13.2.2024

எட்வர்ட் அண்ணனுக்கு,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை, அதனால் எழுதவில்லை.

கடிதத்தை நானும் படித்தேன், ரமீஸாவும் படித்தாள். பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். 'உண்மையைத்தான் சொன்னேன்' என்ற வரியைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அண்ணே, அந்தச் சத்தம் கொசு பாடிய மாதிரி இல்லை. தையல் மிஷின் நிற்காமல் ஓடுகிற மாதிரி, ர்ர்ர்ர் என்று ஒரே இழுப்பு. என் ஐந்து வயது மகன் நின்றிருந்தால் அவனுக்கும் கேட்டிருக்கும். நீங்கள் நின்ற இடத்துக்கும் எனக்கும் நடுவே ஒரு கோரைப் புதர். கரையில் கேட்டபோது தலையாட்டினீர்கள். கூட்டத்தில் கேட்டபோது கேட்கவில்லை என்றீர்கள். இரண்டில் எது உண்மை என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நான் என்ன குறை வைத்தேன்? போன் ரிப்பேருக்கு என்று கடைக்கு வந்தவரை 'வாங்கண்ணே, பறவை பார்க்கப் போகலாம்' என்று கூட்டிக்கொண்டு போனேன். கடை சாத்திய பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு பறவையின் பாட்டாகத் தேடி, வெட்டி, அந்த பிளேயரில் ஏற்றிக் கொடுத்தேன். அண்ணன் எவ்வளவு ஆர்வமாக இயர்போன் மாட்டிக்கொண்டு படிக்கிறார் என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். அதற்கு நீங்கள் செய்த மரியாதை இது.

பொன்னேரியில் எனக்கு என்ன பெயர் தெரியுமா? 'எம்பித்ரீ பாய்'. போனுக்கு டெம்பர்டு கிளாஸ் ஒட்ட வருகிறவன்கூடக் கேட்கிறான், "இன்னா பாய், குருவி கூவுதா?" என்று. மச்சான் ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வந்துவிட்டேன்.

பொய் சொல்லி வியாபாரம் பண்ணாதே என்று சொல்லி வளர்த்தார்கள் என்னை. வியாபாரத்தில் இல்லாத பொய்யைப் பறவையில் சொல்லி எனக்கு என்ன ஆகப் போகிறது? அதையாவது நீங்கள் எழுந்து சொல்லியிருக்கலாம். கேட்கவில்லை என்றே சொல்லுங்கள், 'ஆனால் பாய் பொய் சொல்ல மாட்டார்' என்று கூட ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாமே.

இனி எழுத வேண்டாம்.

சஹாபுதீன்


எளாவூர்
22.2.2024

அன்புள்ள பாய்,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை, மன்னித்துக்கொள்.

நீ கேட்டது நியாயம். அந்த ஒரு வார்த்தை ஏன் என் வாயில் வரவில்லை என்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். 'சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம்' என்பார்களே, அந்த மாதிரி ஒரு காரணம் இருக்கிறது. அதை இப்போது எழுத முடியாது. நான் கோழை என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன், அது பொய்யில்லை.

ஆனால் நான் சும்மா இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் விடிந்ததும் ஏரிக்குப் போய்விடுகிறேன். உன் குருவியை எப்படியாவது கண்ணால் பார்த்து, ஒரு போட்டோ எடுத்து, துளசிராமன் சார் முன்னால் வைக்க வேண்டும். கோரைக்குள் இறங்கி, நீர்முள்ளியில் மாட்டி, காலெல்லாம் கீறல். போன வாரம் ஒரு கதிர்க்குருவி எகிறியது. போட்டோ எடுத்தால் வெறும் புல்தான் விழுந்திருக்கிறது. நான் கேமரா பிடிக்கிற லட்சணம் உனக்குத் தெரியுமே.

தவக்காலம் வேறு. கோயிலுக்குப் போகாமல் ஏரிக்குப் போகிறேன் என்று ஹெலன் பேசுவதில்லை. "பங்கு சாமி கேட்டா இன்னா சொல்றதாம்? எங்க ஊட்டுக்காரர் கோரைக்குள்ள ஜெபம் பண்றாருன்னு சொல்லட்டா?" என்று மகள் ஷைனியிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். ஷைனி நர்சிங் கடைசி வருஷம். ஹாஸ்டலிலிருந்து வந்தவள் சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. ஜெபம் மாதிரிதான் அது. பறவை கிடைத்துவிட்டால் நான் செய்தது பாதியாகக் குறைந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

ஒரே ஒரு ஞாயிறு வா பாய். நீ கேட்டுச் சொல், நான் பார்க்கிறேன்.

எட்வர்ட்


திருநின்றவூர்
4.3.2024

எட்வர்ட் அண்ணனுக்கு,

வந்தேன்.

நேற்று முதல் வண்டியைப் பிடித்து, மாறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து வந்தேன். கடையை மச்சான் பார்த்துக்கொண்டார். "சண்டைன்னா யாராவது ஒருத்தர் எறங்கித்தான் வரணும், நோம்பு வர்றதுக்குள்ள பேசி முடிச்சுட்டு வாங்க" என்று ரமீஸாதான் பிடித்துத் தள்ளிவிட்டாள். உங்களுக்குப் பிடிக்கும் என்று சமோசா கட்டிக் கொடுத்திருந்தாள்.

நீங்கள் கரை மேல் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தீர்கள். பைனாகுலர் கண்ணில். இயர்போன் கழுத்தில்தான் தொங்கியது, காதில் இல்லை, நன்றாகப் பார்த்தேன். இருபது அடித் தூரத்தில் நின்று 'எட்வர்டண்ணே' என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் கிட்ட வந்து கூப்பிட்டேன். கத்தினேன் என்றே சொல்லலாம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தது. நீங்கள் திரும்பவில்லை. செவிடன் காதில் ஊதின சங்காக நின்றீர்கள்.

என்னை வரச் சொல்லிக் கடிதம் எழுதிவிட்டு, வந்தால் முகம் காட்ட மாட்டேன் என்றால், அதற்கு மேல் எனக்கு மானம் மரியாதை இல்லையா? சமோசாவை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நம் கணக்கு முடிந்தது.

சஹாபுதீன்


எளாவூர்
7.3.2024

அன்புள்ள பாய்,

உன் கடிதத்தை ஷிஃப்ட் முடிந்து வந்து படித்தேன். நீ வந்தது எனக்குத் தெரியாது. கூப்பிட்டதும் தெரியாது. ஆண்டவர் மேல் ஆணையாகத் தெரியாது.

பழமொழி என்று நினைத்து எழுதினாய். பழமொழி இல்லை பாய், என் விஷயம் அதுதான். எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது.

இரும்பு மில்லில் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கீழே இரும்பு உருளுகிற சத்தம், மேலே மோட்டார் சத்தம். காதில் வைக்கக் கொடுத்த பஞ்சைப் பையிலேயே வைத்திருந்த காலம் அது. முதலில் குக்கர் விசில் போனது. பிறகு போன் மணி. மெல்லிசான சத்தம் எதுவும் என்னிடம் வருவதில்லை. முகத்துக்கு நேரே பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவேன். போனில் உதடு எங்கே இருக்கிறது? அதனால்தான் போன் எனக்கு ஒத்து வருவதில்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால் ஒரு மனுஷன் என் பெயரைக் கத்துவதுகூடப் போய்விட்டது என்று உன் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

வருஷத்துக்கு ஒரு தரம் காது சோதனை வண்டி வரும். பெட்டிக்குள் உட்கார வைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிஷின் முன்னால் ஒரு பெண் இருக்கும். அது சத்தத்தை அனுப்பும்போது தோள் கொஞ்சம் அசையும். நான் தோளைப் பார்த்து அழுத்துவேன். போன வருஷமும் பாஸ். "உங்க வயசுக்கு நல்லா இருக்குது சார்" என்று அந்தப் பெண் சொன்னபோது எனக்கே அதை நம்ப வேண்டும் போலிருந்தது.

உன்னிடமும் அதே வித்தையைத்தான் காட்டினேன். நாம் நடக்கும்போது உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். நீ தலையைச் சாய்த்தால் ஏதோ பாடுகிறது என்று அர்த்தம். நீ வாயைத் திறப்பதற்குள் 'ஆமாம் பாய், கேக்குது' என்பேன். பிளேயரைப் படிப்பதற்காக வாங்கினேன் என்று ஊரெல்லாம் பெருமை பேசினாயே, படிப்பதற்காக இல்லை. இயர்போனை மாட்டி, சத்தத்தைக் கடைசி வரை ஏற்றினால் சில பறவைகள் எனக்கு இன்னும் கேட்கும். மரத்தில் அது வாயைத் திறந்து மூடும், நான் பிளேயரில் அதன் பாட்டைத் தேடிப் போட்டுக்கொள்வேன். அப்படித்தான் நான் பறவைப் பாட்டுக் கேட்டேன். சில பாட்டுகள் எவ்வளவு ஏற்றினாலும் வராது. உன் வெட்டுக்கிளிக் குருவி அதில் ஒன்று. கணக்கெடுப்பு அன்றைக்குக்கூட அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, சலித்துப் போய் இயர்போனைக் காதிலிருந்து கழற்றிவிட்டேன்.

கூட்டத்தில் துளசிராமன் சார் தன் போனில் அந்தச் சத்தத்தைப் போட்டு "இதுவா பாருங்க எட்வர்ட்" என்றாரே, ஞாபகம் இருக்கிறதா? போன் பாடுகிறதா, நின்றுவிட்டதா என்றே எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் தேசப்பன். மில்லில் சேஃப்டி அவன் பொறுப்புதான். சத்தம் ஓடாத நேரத்தில் நான் 'இதேதான் சார்' என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டிருப்பேன். கேட்கவில்லை என்று சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். என் கிரேனைக் காப்பாற்றிக்கொண்டேன், உன் மானத்தை விட்டுக் கொடுத்தேன். நடந்தது இவ்வளவுதான்.

ஹெலனுக்குக்கூட முழுசாகத் தெரியாது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். யாரிடமும் சொல்லாதே பாய். கேட்கத் தகுதி இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

எட்வர்ட்


திருநின்றவூர்
16.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. நோன்பு ஆரம்பித்துவிட்டது, கடையிலும் கூட்டம். அதெல்லாம் சாக்கு. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

முதலில் என்னைச் சொல்லிக்கொள்கிறேன். இரண்டு வருஷம் கூடவே நடந்திருக்கிறேன். ஸ்பீக்கர் போன போனை நம்பர் டயல் பண்ணியே கண்டுபிடிக்கிறவன் நான், பக்கத்தில் நடக்கிற மனுஷனைக் கண்டுபிடிக்கவில்லை. 'அண்ணே, டீ சாப்பிடலாமா' என்று பின்னாலிருந்து கேட்டு, நீங்கள் பதில் சொல்லாமல் போகும்போதெல்லாம், மனுஷன் பறவையில் மூழ்கிவிட்டார் என்று நினைத்தேனே தவிர வேறு ஒன்றும் தோன்றவில்லை. அன்றைக்குக் கரையிலும் இன்னும் நாலு அடி எடுத்து வைத்து உங்கள் தோளைத் தொட்டிருக்கலாம். ரோஷம் விடவில்லை. ரமீஸா உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதுவிட்டாள்.

அடுத்து அந்தக் குருவி. உங்கள் கடிதத்தில் ஒரு வரியைப் பல தடவை படித்தேன். அன்றைக்கு அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, இயர்போனைக் காதிலிருந்து கழற்றிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பிளேயரை நிறுத்தினேன் என்று எழுதவில்லை. அந்த மாடலில் இயர்போன் பின் லேசாக வெளியே வந்தாலே சத்தம் ஸ்பீக்கருக்குப் போய்விடும். அந்தக் குறைக்காகவே எத்தனையோ பேர் திருப்பிக் கொண்டு வந்திருக்கிறார்கள். நீங்கள் சத்தத்தைக் கடைசி வரை ஏற்றி வைத்திருந்தீர்கள்.

நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு நான் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கோரைக்குள் இறங்கினேன். பறவைக்குத் தொந்தரவு என்று நீங்கள் தள்ளிப் போனீர்கள். பறவையும் தள்ளிப் போனது. நான் விடாமல் துரத்தினேன், செருப்பு போனது. நான் துரத்தியது உங்கள் சட்டைப் பையை. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது அண்ணே, கடையில் தனியாகச் சிரித்தேன். அப்புறம் ரொம்ப நேரம் வேலை ஓடவில்லை. என் வாழ்நாளில் நான் கேட்ட ஒரே வெட்டுக்கிளிக் குருவி அது. தேசப்பன் கிண்டலுக்குச் சொன்னது சரியாகிவிட்டது.

துளசிராமன் சாருக்குப் போன் பண்ணிவிட்டேன். அது பிளேயர் சத்தம்தான், கணக்கிலிருந்து அந்தக் குருவியை எடுத்துவிடுங்கள் என்றேன். யார் பிளேயர் என்று கேட்டார். என்னுடையது என்று சொன்னேன். "தெரியும் பாய். அப்பவே ஒத்துக்கினு இருந்தா பேஜாரு இல்லாம போயிருக்கும்" என்று பெரிய மனதோடு மன்னித்தார். நோன்பு நாளில் பொய் சொன்னேன். அதை நான் அல்லாஹ்விடம் பேசிக்கொள்கிறேன்.

இது கைம்மாறு வேண்டிச் செய்ததில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். குருவி போனால் போகிறது. நீங்கள் உட்காருவது கிரேன் மேல். அடியில் ஆட்கள் நிற்கிறார்கள். கரையில் நான் கத்தியது உங்களுக்குக் கேட்கவில்லை. அந்தச் சத்தத்தில் அவர்கள் கத்தினால் கேட்குமா?

இறங்கிவிடுங்கள் அண்ணே.

தம்பி,
சஹாபுதீன்


எளாவூர்
21.3.2024

அன்புள்ள பாய்,

பிளேயர் உன்னுடையது என்று யாரைக் கேட்டுச் சொன்னாய்? ஒருமுறை உன்னைப் பலி கொடுத்தது போதாதா எனக்கு? இப்போது நீயாகவே தலையைக் கொண்டு வந்து வைக்கிறாய். உன் கடிதத்தைப் படித்துவிட்டு பிளேயரை எடுத்தேன். பின்னை லேசாக இழுத்து, அந்தப் பாட்டைப் போட்டு, ஷைனியிடம் நீட்டினேன். "அய்ய, இன்னாப்பா இது, காது கூசுது, நிறுத்து!" என்று காதைப் பொத்திக்கொண்டாள். எனக்கு ஒன்றும் இல்லை. வெறும் டப்பா.

கிரேனைப் பற்றி எழுதியிருக்கிறாய். பாய், அங்கே வேலையே கை ஜாடையில்தான். கொக்கி மாட்டுகிற லோகு கையை உயர்த்தினால் தூக்குவேன், விரித்தால் நிறுத்துவேன். காதுக்கு அங்கே என்ன வேலை? இத்தனை வருஷத்தில் என்னால் எதுவும் நடந்ததில்லை. எங்கள் வீட்டில் இதற்கு முன்னால் எல்லாரும் ஏர் பின்னால் குனிந்தவர்கள். உட்கார்ந்து வேலை செய்த முதல் ஆள் நான். ஷைனியின் படிப்பு இந்த வருஷம் முடிகிறது. அதுவரைக்குமாவது விடு. அப்புறம் நானே இறங்கிவிடுகிறேன்.

உன் விஷயத்தை மட்டும் நான் சரி பண்ணிவிடுகிறேன். எப்படி என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எட்வர்ட்


திருநின்றவூர்
25.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

என் விஷயத்தைச் சரி பண்ண வேண்டாம். நான் அதை விட்டுவிட்டேன்.

ஒன்றும் நடந்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே உட்கார்ந்திருக்கிறவர் அப்படித்தான் சொல்வார். கீழே நிற்கிறவர்களை ஒரு தரம் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். அவர்களும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னால் நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.

சஹாபுதீன்


எளாவூர்
2.4.2024

அன்புள்ள பாய்,

ஈஸ்டருக்கு ஹெலன் உன் வீட்டுக்கும் ஒரு டப்பா கேக் எடுத்து வைத்திருக்கிறாள். நோன்பு திறந்த பிறகு சாப்பிட ஆகும் என்று ஷைனி சொல்கிறாள். யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன்.

நான் கிரேனிலிருந்து இறங்கிவிட்டேன். சனிக்கிழமை தேசப்பனிடமே போய்ச் சொன்னேன். முதலில் விளையாடுகிறேன் என்று நினைத்தான். காது சோதனையில் தோளைப் பார்த்துப் பட்டன் அழுத்தியதைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "இன்னாண்ணே, இத்தினி நாளு எங்க எல்லார் தலை மேலயும்..." என்றான். இப்போதைக்கு ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள். சென்னையில் டாக்டர் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். சம்பளம் குறையும், வேலை இருக்குமா என்பதும் தெரியாது. ஹெலனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. கல்யாணமான புதிதில் செய்த மாதிரி என் எதிரே வந்து உட்கார்ந்து, வாயை நன்றாக அசைத்து, "சாப்டியா?" என்று கேட்டாள்.

பறவைக் குழுவிலும் எழுதிவிட்டேன். பிளேயர் என்னுடையது, பாய் எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டார், அன்றைக்கு அந்தப் பக்கம் நின்றவர் கேட்டதைக் கேட்டபடி சொன்னார், இந்தப் பக்கம் நின்ற நான்தான் செவிடு என்று. துளசிராமன் சார் உனக்குப் போன் பண்ணுவார். எடு.

நீ எழுதியதால் இறங்கினேன் என்று சந்தோஷப்படாதே. உன் கடிதம் வந்த பிறகும் நான் இறங்கவில்லை. உன் வாயை அடைக்கத்தான் லோகுவைக் கேட்கப் போனேன். அவன் 'ஒன்னும் இல்லண்ணே' என்று சொல்வான், அதை அப்படியே உனக்கு எழுதிப் போடலாம் என்று திட்டம்.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்து, சிரித்துக்கொண்டே கேட்டேன். "ஏண்டா லோகு, நான் மேல இருக்கச் சொல்ல நீ கூப்ட்டு எனுக்குக் கேக்காம எப்பனா பூட்டுதாடா?"

அவன் சிரிக்கவில்லை. நான் உதட்டைப் பார்ப்பதற்கு வசதியாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நாங்கதான் கூப்பட்றதே இல்லியேண்ணே. உன் ஷிஃப்டுன்னா கத்தி பிரயோஜனம் இல்ல. நாங்களே மேல பாத்துக்கினு இருப்போம், வந்தா நவுந்துக்குவோம். புதுப் பையனுங்க வந்தா மொத நாளே சொல்லி வச்சிருவோம், எட்வர்ட் அண்ணன் மேல இருந்தா தலைய குனிஞ்சி வேலை செய்யாதன்னு."

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"சொன்னா உன் வேலை பூடும். பாப்பா படிக்குது."

பாய், அவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தோளைப் பார்த்துப் பட்டன் அழுத்தி உலகத்தையே ஏமாற்றிவிட்டேன் என்று நான் மேலே உட்கார்ந்திருந்தேன். கீழே அவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே எனக்காக நகர்ந்து நகர்ந்து நின்றிருக்கிறார்கள்.

போன மழைக்காலத்தில் என் ஷிஃப்டில் லோகுவுக்கு இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. கொக்கிக்கும் கம்பிக் கட்டுக்கும் நடுவே கை மாட்டிவிட்டது. அவனுடைய கவனக் குறைவு என்று எல்லாரும் சொன்னார்கள், அவனும் அப்படித்தான் சொன்னான். நான் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டிலில் உட்கார்ந்து, வேலையில் கவனம் வேண்டும்டா தம்பி என்று அவனுக்குப் புத்தி சொல்லிவிட்டு வந்தேன். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

அந்தக் கையில்தான் இப்போது டீ கிளாஸைப் பிடித்திருந்தான். "அன்னிக்கி... அன்னிக்கி நீ கத்தினியாடா?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்க்காமல் டீயைப் பார்த்தான். பிறகு, நான் உதட்டைப் பார்க்க வேண்டுமே என்று நினைத்தானோ என்னவோ, முகத்தை நிமிர்த்தி என் பக்கம் திருப்பினான்.

"கத்தனேண்ணே" என்றான். "ரொம்ப நேரம் கத்தனேன்."

எட்வர்ட்